வேறொருவர் பார்சலை வாங்கி வைத்ததால் என் வங்கிக் கணக்கு முடங்கிய அனுபவம்

மதுரையில் ஒரு குடியிருப்புப் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, பிரிண்ட் போடுவது, ஸ்பைரல் பைண்டிங், பள்ளி நோட்டுகள், அரசு இணையதளங்களில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது ஆகியவைதான் வருமானம். இவற்றோடு காசு வாங்காமல் செய்துவந்த இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போய்விடுவதால், கூரியர்காரர்கள் அவர்களுடைய பார்சல்களை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாலையில் அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மோசடியாகப் பிறருடைய கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள்களை என் கடை வழியாகக் கைமாற்றியிருக்கிறார்கள் என்பது, என் வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கணக்கை மீட்க அலைந்த நாள்களில், முதலில் யாரிடம் போவது, எதை எழுத்தில் கேட்டு வாங்குவது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து சில நாள்கள் கழித்து ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். பின் தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி பார்ப்பதாகவும் சொன்னார். "பகல்ல தூங்கிடுறேன்க்கா, கூரியர்காரங்க கூப்பிட்டா எடுக்க முடியல. நீங்க வாங்கி வச்சா சாயந்திரம் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். தெருவுக்கே செய்வதை அவருக்கும் செய்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் தோன்றவில்லை. முதலில் வந்தவை சிறிய பார்சல்கள். இரண்டு பார்சல்கள் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் வகையைச் சேர்ந்தவை. கல்லாவிலிருந்து நான் பணம் கொடுத்து வாங்கி வைத்தேன்; அவர் உடனே யுபிஐ மூலம் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் வந்தபோது திரையில் வேறொரு பெயர் தெரிந்தது. கேட்டதற்கு, உடன் தங்கியிருக்கும் நண்பரின் கணக்கு என்றார். இரண்டும் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்குள்தான். இந்தத் தொகைதான் பிற்பாடு என் கணக்கு முழுவதையும் கட்டிப்போட்டது.

அதன் பிறகு வந்த பார்சல்கள் முன்பணம் செலுத்தியவை. பெட்டியின் கனத்தையும் அளவையும் பார்த்தாலே கைப்பேசி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பார்சலிலும் வெவ்வேறு பெயர் இருந்தது. ஆனால் முகவரி மட்டும் என் கடைப் பெயரோடு ஒரே மாதிரி அச்சாகியிருந்தது. அறையில் பலர் இருக்கிறோம் என்றார் அவர். கூரியர்காரர் பொருளை ஒப்படைக்க ஓடிபி கேட்கும்போது நான் அந்த இளைஞரைக் கூப்பிடுவேன்; பகலில் தூங்குகிறவர் என்றாலும் முதல் மணியிலேயே எடுத்து எண்ணைச் சொல்லிவிடுவார். இன்னொன்றும் நடந்திருக்கிறது: கூரியர்காரர்கள் சில தடவை நேராக என் கைப்பேசிக்கே கூப்பிட்டார்கள். ஆர்டர் போடும்போது மாற்று எண் என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ உங்களுக்குச் சம்பந்தமில்லாத பார்சலுக்காக, உங்கள் எண்ணுக்கே கூரியர்காரர் அழைத்தால், உங்கள் எண்ணை யாரோ ஆர்டரில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்திலேயே பார்சலை வாங்க மறுத்துவிடலாம். மறுத்தால் அது அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும், உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

இந்த இடத்தில் என் பார்சல் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியது அதுதான். இரண்டு வருடத்துக்கு முன் தெருவில் ஒரு வீட்டாருக்கும் கூரியர்காரருக்கும் பார்சல் வந்ததா இல்லையா என்று சண்டை வந்தது. அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, வந்த தேதி, பெட்டியின் மேல் உள்ள பெயர், கூரியர் ரசீது எண், எடுத்துக்கொண்டவர் கையெழுத்து, நேரம் என்று எழுதி வந்தேன். அந்த இளைஞரும் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துப் போனார். அந்தக் கையெழுத்து உண்மையானதா என்பது வேறு விஷயம். ஆனால் எந்தப் பார்சல் எந்த நாளில் வந்து யார் கைக்குப் போனது என்று காட்ட என்னிடம் ஒரு தாள் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி சேர்க்கைக் காலம். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் என்று நகல் எடுக்கக் கூட்டம் நிற்கும். வருடத்தில் எங்களுக்கு உருப்படியான வருமானம் வரும் மாதம் அதுதான். அப்படி ஒரு நாள் காலையில், பேப்பர் மொத்த வியாபாரிக்கு அனுப்பிய பணம் போகவில்லை. வாடிக்கையாளர்கள் க்யூஆர் கோடில் போடும் பணம் உள்ளே வருகிறது, ஆனால் ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்து மதியம் வரை காத்திருந்தேன். வங்கிக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "சைபர் கிரைம்லேர்ந்து ஹோல்டு போட்டிருக்காங்க மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டதே என்ற கூச்சத்தில், கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். கணக்கில் அப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் சொச்சம் இருந்தது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் மாதத் தவணை, கடை வாடகை, மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதில்தான் போக வேண்டும்.

வங்கியில் அன்றே கேட்டிருக்க வேண்டியவற்றை இப்போது சொல்கிறேன். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தின் ஒப்புகை எண், ஹோல்டு போடச் சொன்ன மாநிலம், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் அலுவலக மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, அது எந்தத் தேதியில் எந்தப் பரிவர்த்தனையாக என் கணக்கில் விழுந்தது ஆகிய விவரங்கள் வங்கியிடம் இருக்கும். இவற்றை வாயால் கேட்டால் கிடைப்பது கடினம். கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் அப்போதே தெளிவாகக் கேட்க வேண்டும்: சர்ச்சைக்குரிய தொகைக்கு மட்டும் பிடித்தம் வைத்திருக்கிறார்களா, இல்லை கணக்கு முழுவதையும் டெபிட் ஃப்ரீஸ் செய்திருக்கிறார்களா என்பது. முதலாவது லியன், மீதிப் பணத்தை எடுக்கலாம். இரண்டாவதில் ஒன்றையும் தொட முடியாது. என் கணக்கில் நடந்தது இரண்டாவது. முதலில் போன கிளையில் எனக்கு இவ்விவரங்கள் கிடைக்கவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போவேன் என்று குறிப்பிட்ட பிறகே ஒரு மின்னஞ்சல் வந்தது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. அதில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அந்த மின்னஞ்சலில், வேறொரு மாநிலத்தின் சைபர் குற்றக் காவல் நிலையத்தின் பெயரும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும் இருந்தன. தேதியைப் பார்த்த உடனே அந்த இளைஞர் அனுப்பிய பணம் என்று தெரிந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டேன், கைப்பேசி அணைந்திருந்தது. பின் தெருவுக்குப் போய்க் கேட்டால், அறையைக் காலி செய்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது என்றார் வீட்டுக்காரர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் அவரிடம் சொல்லவில்லை. தெருவில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பே நெஞ்சை அடைத்தது. ஒரு பெண் தனியாகக் கடை நடத்துவதையே உற்றுப் பார்க்கிற இடத்தில், போலீஸ் என்ற ஒரு சொல் விழுந்தால் போதும்.

மறுநாள் எங்கள் ஊர் சைபர் குற்றப் பிரிவுக்கு நானாகவே போனேன். பயந்துகொண்டு போனேன், ஆனால் அதுவே நான் செய்தவற்றில் மிகவும் பயன்பட்ட காரியமாக அமைந்தது. அங்கிருந்த உதவி ஆய்வாளர் பார்சல் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ஒருவரை ஏமாற்றிப் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றினால், ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டுவிட்டால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவிட முடியும். ஆனால் ஏமாந்தவருடைய கார்டில் ஒரு கைப்பேசியை வாங்கிவிட்டால், பெட்டி பிரிக்காத கைப்பேசிக்கு வெளியே கிட்டத்தட்ட முழு விலையும் ரொக்கமாகக் கிடைக்கும், ரொக்கத்துக்குத் தடமில்லை. அதற்குத் தேவைப்படுவது, மோசடிக்காரருடையதாக இல்லாத ஒரு முகவரியும், பார்சலைச் சந்தேகமின்றி வாங்கி வைக்கிற ஒரு நல்ல மனிதரும்தான். முதலில் வந்த சில்லறைப் பார்சல்கள், முகவரி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கும், இணையக் கடையில் புதிதாகத் தொடங்கிய கணக்கு ஒழுங்கானது போலத் தோன்றச் செய்வதற்கும் போட்டவையாக இருக்கலாம் என்றார். நான் கொடுத்த புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். இதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். பின்னால் வந்த ஒவ்வொரு கடிதத்திலும், இந்தத் தேதியிலேயே நானே முன்வந்து புகார் கொடுத்திருக்கிறேன் என்று அந்த எண்ணைக் குறிப்பிட முடிந்தது.

சிசிடிவி பதிவு இருக்கிறதா என்று அவர் கேட்டார். கடையில் கேமரா உண்டு. ஆனால் பழைய பதிவின் மேலேயே புதிது பதிந்துவிடும், எங்களுடையதில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. கடைசியாக வந்த இரண்டு நாள் காட்சிகள் மட்டும் மிச்சமிருந்தன. அவற்றை அன்று மாலையே பென் டிரைவில் எடுத்து வைத்தேன். சிறு சந்தேகம் வந்தாலும் முதலில் கேமரா பதிவை நகலெடுங்கள். அதேபோல் அந்த நபரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புப் பட்டியல், பணம் வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் அவரது எண்ணை அழித்துவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் செய்யத் தோன்றியது.

அந்தச் சமயத்தில் ஒரு பார்சல் எடுக்கப்படாமல் கடையில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் புது எண் ஒன்றிலிருந்து ஒருவர் பேசினார். அது தன்னுடையது, தவறுதலாக அங்கே வந்துவிட்டது, பைக் டாக்ஸி ஒன்று அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள், சிரமத்துக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறேன் என்றார். கூரியர் நிறுவனம் எழுதிக் கேட்டால் அவர்களிடம் கொடுப்பேன், இல்லையென்றால் காவல் நிலையத்தில் கொடுப்பேன் என்றேன். குரல் உடனே மாறிவிட்டது. கடை எங்கே இருக்கிறதென்று தெரியும் என்றார். கை நடுங்கியது உண்மை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல், நாலு பக்கமும் படமெடுத்து, மேலே உள்ள ரசீது எண்ணோடு எழுதிக் கொடுத்து ஒப்படைக்கச் சொன்னார். அப்படியே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். இப்படி ஒரு பார்சல் உங்களிடம் இருந்தால் பிரிக்கவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது, கேட்டு வருகிற ஆளிடம் கொடுக்கவும் கூடாது, அதற்காக ஒரு ரூபாய்கூட வாங்கவும் கூடாது. மோசடிப் பொருள் என்று சந்தேகம் வந்த பிறகும் அதைக் கைமாற்றினால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி அடைபட்டுவிடும். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கி வைப்பதும் மறைக்க உதவுவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றங்களாகவே இருக்கின்றன.

பிறகு அந்த வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, தொடர்ந்து மின்னஞ்சலும் வந்தது. ஆவணங்களோடு சில நாள்களில் நேரில் வரும்படி சொன்னார்கள். இது உண்மையான போலீஸா, அடுத்த மோசடியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்தது இதுதான்: அழைத்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடாமல், அந்த மாநிலக் காவல்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த நிலையத்தின் எண்ணைத் தேடியெடுத்துக் கூப்பிட்டு, அந்தப் பெயரில் அதிகாரி இருக்கிறாரா, என் ஒப்புகை எண்ணில் வழக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இதற்கு நேர்மாறாக, அதே வாரத்தில் இன்னொரு அழைப்பும் வந்தது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், கேமராவை விட்டு நகரக் கூடாதென்றும், சரிபார்ப்பதற்காகப் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றும் சொன்னார். இப்படி வீடியோ அழைப்பிலேயே காவலில் வைப்பதாகச் சொல்லும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்பது 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்ன செய்தி. அது நினைவிருந்ததால் துண்டித்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிந்தேன். முடங்கிய கணக்கை விடுவித்துத் தருகிறேன், தொகையில் இருபது சதவீதம் கொடுங்கள் என்று வக்கீல் என்ற பெயரில் வேறொருவரும் பேசினார். கணக்கு முடங்கி நிற்பவர்களைக் குறிவைத்தே இப்படிப் பலர் சுற்றுகிறார்கள். உண்மையான காவல்துறை உங்களிடம் ஆவணம் கேட்கும், விளக்கம் கேட்கும்; கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லவே சொல்லாது.

நேரில் போவதா என்ற குழப்பத்துக்கு விடை கிடைத்தது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு; 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே அதற்கு வழிசெய்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் முதலில் கேட்ட கேள்வி, நோட்டீஸ் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்பதுதான். அதுவரை நான் அந்த வரியைப் படித்ததேயில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 94-ஆம் பிரிவு என்றால் ஆவணம் கேட்பது. 179 என்றால் சாட்சியாக விசாரிக்க அழைப்பது. 35(3) என்றால் உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது என்று பொருள், அதை அலட்சியப்படுத்தினால் கைது வரை போகலாம். அந்த 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எனக்கு வந்தவை 94-உம் 179-உம். சாட்சியாக அழைக்கும்போது, பெண்களையும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று 179-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் அதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு பதில் எழுதினார். பார்சல் நோட்டின் பக்கங்கள், சி.எஸ்.ஆர்., பார்சல் ஒப்படைத்த ரசீது, கேமரா காட்சி, கல்லாவிலிருந்து கூரியர்காரருக்குக் கொடுத்த தொகைக்கான கணக்கு ஆகியவற்றை வரிசை எண் போட்டு இணைத்தோம். பிறகு வேறொரு வழக்குக்காக இந்தப் பக்கம் வந்த அவர்களுடைய குழுவினர் கடைக்கே வந்து என்னிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டனர். நிதானமாகத்தான் பேசினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

கணக்கை விடுவிக்க வழக்கறிஞர் தனியாக இன்னொரு கடிதம் தயாரித்தார். தொகை எவ்வளவு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது ஒருவரின் தொழில் உரிமையையும் வாழ்வாதாரத்தையும் பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில் கூறி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க அனுமதித்திருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2023-இல் இதே போக்கில் உத்தரவிட்டிருக்கிறது. இவற்றைக் குறிப்பிட்டு, நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்காக ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை நிறுத்த வேண்டாம், அந்தத் தொகைக்கு மட்டும் லியன் வைத்துக்கொள்ளுங்கள் என்று விசாரணை அதிகாரிக்கும் வங்கிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினோம். கணக்கை முடக்கினால் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சொல்வதால், எந்த நீதிமன்றத்துக்குத் தெரிவித்தீர்கள் என்றும் கேட்டோம். அந்தக் கேள்வி முக்கியம். கடிதத்துக்குப் பலன் இல்லாமல் போனால் 503-ஆம் பிரிவில் மனு போட வேண்டியது அந்த நீதிமன்றத்தில்தான். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. ஆனாலும் ஆடி பிறந்து பாதி போன பிறகுதான் கணக்கு திறந்தது.

அதற்குள் சேர்க்கைக் காலம் முடிந்திருந்தது. தவணை திரும்பியதற்கு அபராதம், காசோலை திரும்பியதற்குக் கட்டணம், கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை வைத்து வாங்கிய கடனின் வட்டி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. பேப்பர் வியாபாரி இப்போது எனக்குக் கடன் கொடுப்பதில்லை, ரொக்கம்தான். ஒரே கணக்கில் தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வைத்திருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டுமே நின்றுவிடும். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தாலும் வாடிக்கையாளர் எண் ஒன்றாக இருப்பதால் சேர்ந்தே முடங்கக்கூடும். எனவே வேறு வங்கியில் ஒரு கணக்கு இருக்கட்டும். க்யூஆர் கோடில் விழும் பணத்தை அவ்வப்போது அங்கே மாற்றிவிடுங்கள்.

கார்டுக்குச் சொந்தக்காரரைப் பற்றி அந்த விசாரணை அதிகாரி சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரிவார்டு பாயின்ட் காலாவதியாகப் போகிறது என்று வந்த செய்தியில் இருந்த செயலியை நிறுவியிருக்கிறார். அந்தச் செயலி அவருடைய குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பியிருக்கிறது. கார்டில் கைப்பேசிகள் வாங்கப்பட்டதோடு, கணக்கிலிருந்தும் பணம் போயிருக்கிறது. அந்தப் பணம் வேறொரு கணக்கில் நுழைந்து, அதில் ஒரு சிறு துளிதான் என் கணக்குக்கு வந்திருக்கிறது. அதுவரை என் கணக்கை முடக்கிவிட்டார்களே என்று புகார் கொடுத்தவர் மீதும் எனக்குக் கோபம் இருந்தது. அந்த அம்மா புகார் கொடுத்ததில் என்ன தவறு? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பொருள் வாங்காத நேரத்தில் கார்டின் இணையப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். 2020-இலிருந்து எல்லா வங்கிகளும் அந்த வசதியைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிட்டு, வங்கிக்கும் தெரிவியுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபியை நாமே கொடுத்துவிட்ட நிலையிலும், தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எனவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கடையில் இப்போதும் தெருக்காரர்களின் பார்சலை வாங்கி வைக்கிறேன். சிலர் நிறுத்திவிடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டு எண்ணும் அடையாள அட்டையும் பார்த்து எனக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும்தான். பெட்டியில் அவர்களுடைய வீட்டு முகவரி இருக்க வேண்டும், என் கடை முகவரி இருந்தால் வாங்குவதில்லை. பணம் கொடுத்து வாங்கும் பார்சலை எடுப்பதேயில்லை. பிரிண்ட் போட வாட்ஸ்அப்பில் வரும் ஆதார் படங்களையும் அன்றன்றே அழித்துவிடுகிறேன். முடிந்தவரை முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையே பதிவிறக்கி அனுப்பச் சொல்கிறேன். என் பெயரில் எனக்குத் தெரியாத சிம் எதுவும் இருக்கிறதா என்று சஞ்சார் சாத்தியில் பார்த்தேன், இல்லை.

அந்த நாலாயிரத்து அறுநூறு ரூபாய் இன்னும் லியனில்தான் இருக்கிறது. கூரியர்காரருக்கு என் கல்லாவிலிருந்து கொடுத்த பணம் அது. கேட்டால் எனக்குக் கிடைக்கக்கூடும் என்றார் வழக்கறிஞர். நீதிமன்றம் அதை அந்த ஆசிரியைக்குக் கொடுக்கச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் கடிதத்தின் நகலையும் மற்ற தாள்களோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்; வழக்கு விசாரணைக்கு வரும்போது சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.